கூரைக்கு உபயம்

ஊருக்குத் துணை சுகாதார நிலையம் கட்ட அரசாங்கமும் ஆலை முதலாளி தனுஷ்கோடியும் பங்கு பிரித்துக்கொண்டார்கள். சுவர் அரசாங்கத்துடையது, கூரை முதலாளியுடையது. சுவர் எழும்பி ஒரு மழைக்காலமும் போயிற்று. உள்ளே எருக்கஞ்செடி முளைத்துப் பூவும் விட்டது. கூரை மட்டும் வரவில்லை. நர்சம்மா வேப்பமரத்தடியில்தான் ஊசி போட்டார்.

கலெக்டர் பார்வையிட வருகிறார் என்றதும் முதலாளி பெயின்டர் இசக்கியப்பனைக் கூப்பிட்டார்.

"கலெக்டர் வர்றப்போ 'உபயம்'னு என் பேரு பெருசா இருக்கணும். இல்லேன்னா இந்த ஊர்ல உனக்கு வேலையே கிடையாதுல."

"எழுதிருதேன் மொதலாளி. ஃபேன் கொடுத்தவரு பேரை ஃபேன்ல, பெஞ்சு கொடுத்தவரு பேரை பெஞ்சுல. அதானே வழக்கம்?"

"ஆமா, வழக்கப்படியே எழுது."

கலெக்டர் வந்தபோது, நாலு சுவருக்கு நடுவே இரட்டை ஏணியின் உச்சியில், பிரஷும் கையுமாக இசக்கியப்பன் ஆகாயத்தைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான்.

"அங்க என்னப்பா பண்றே?"

"மொதலாளி கொடுத்தது கூரைங்கய்யா. அதுல அவுக பேரை எழுதணும். கூரை வரட்டும்னு நிக்கேன்."

கலெக்டர் முதலாளி பக்கம் திரும்பினார்.

மூன்றாம் நாள் கம்பியும் சிமென்ட்டும் வந்து இறங்கின. கான்கிரீட் போட்டு முடியும்வரை இசக்கியப்பன் ஏணியை எடுக்கவில்லை.