மகள் பேசும்போது போகும் வைஃபை

"நெட்டு நிக்க மாட்டேங்குதும்மா," என்றார் சிதம்பரநாதன்.

கோமதியம்மா அண்டா தேய்த்துக்கொண்டிருந்தார். பௌர்ணமிக்கு வந்த கூட்டம் காலையில்தான் மலை இறங்கியிருந்தது. பந்தி நடந்த இடமெல்லாம் இன்னும் ஈரம்.

"இன்னிக்குமா ஐயா?"

"இன்னிக்கும்தான்."

"லேப்டாப்பா, வைஃபையா?"

"அது தெரிஞ்சா நான் ஏன் உங்ககிட்ட வர்றேன்?"

கோமதியம்மா நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் அண்டாவுக்குள் குனிந்துகொண்டார்.

சிதம்பரநாதன் தொலைபேசி இலாகாவில் இன்ஜினியராக இருந்தவர். எந்த லைனில் எங்கே பழுது என்று தேடித் தேடியே தலை நரைத்தவர். மனைவி போனபின் வீட்டைப் பூட்டிக்கொண்டு இந்தச் சின்ன ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தார். அதை நடத்தும் கோமதியம்மா அவரைவிட வயதில் மிகவும் இளையவர். இருந்தாலும் சிதம்பரநாதன் அவரையே குருவாகக் கொண்டார். அலுவலக அறையும் மின்னஞ்சலும் லேப்டாப்பும் இவர் பொறுப்பு.

ஒரே மகள் தமயந்தி. நியூசிலாந்தில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் வீடியோவில் கூப்பிடுவாள். கொஞ்ச நேரம் பேசுவார்கள். பிறகு படம் அப்படியே நிற்கும். குரல் கரகரக்கும். அறுந்துபோகும்.

திரும்பக் கூப்பிட்டால் சில சமயம் கிடைக்கும். அவள், "சரிப்பா, அடுத்த வாரம் பேசலாம்," என்பாள். அதோடு சரி.

அவர் சும்மா இருக்கவில்லை. வைஃபை பெட்டியை அணைத்துப் போட்டுப் பார்த்தார். அதை அலமாரிக்கு மேலே ஏற்றி வைத்தார். சானலை மாற்றினார். பழைய கனெக்‌ஷன்களையெல்லாம் அழித்துவிட்டுப் பாஸ்வேர்டைப் புதிதாகக் கொடுத்தார். பேட்டரியை மிச்சப்படுத்த லேப்டாப் தானாகவே வைஃபையை அணைத்துவிடும் என்று எங்கோ படித்து, அந்த செட்டிங்கையும் எடுத்துவிட்டார். கடைசியில் பெட்டியையே மாற்றினார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. தமயந்தி கூப்பிட்டாள். நெட்டு போனது.

டவுனிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தார். அவன் பாதி நாள் உட்கார்ந்து பார்த்தான்.

"லேப்டாப் நல்லா இருக்கு சார். மெயில் அனுப்பறப்போ கட் ஆகுதா?"

"இல்ல."

"வீடியோ பாக்கறப்போ?"

"அப்பவும் இல்ல. மக பேசும்போது மட்டும்தான்."

"அப்ப அவங்க பக்கம்தான் சார் ஏதோ கோளாறு," என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவள் பக்கத்தில் எந்தக் கோளாறும் இல்லை. அவளும் பார்த்துவிட்டாள்.

இதையெல்லாம் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றபடியே சொல்லி முடித்தார் சிதம்பரநாதன். சொல்லும்போதே சலிப்பாக இருந்தது. இனிமேல் அவளைக் கூப்பிடவே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்திருந்தார்.

"அலுத்துப்போச்சும்மா."

கோமதியம்மா அண்டாவைக் கவிழ்த்து வைத்தார். முந்தானையில் கையைத் துடைத்தார்.

"நீங்க பேசும்போது போகுதா ஐயா? இல்ல, கேக்கும்போது போகுதா?"

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா? வர்றதும் போறதும் ஒரே லைன்தான்."

"பாத்துட்டுச் சொல்லுங்க," என்று அவர் குளிக்கப் போய்விட்டார்.

சிதம்பரநாதனுக்குக் கோபம் வந்தது. வைஃபைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? ஆனால் பழுது பார்க்கிறவனின் புத்தி அவரை விடவில்லை. அந்த வாரம் முழுக்க, முறிந்த ஒவ்வொரு பேச்சையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். மழை பற்றிப் பேசியபோது போகவில்லை. அவள் பூனை காணாமல் போய்த் திரும்பி வந்த கதை முழுதாக வந்தது. இவர் வத்தக்குழம்புக்குப் பக்குவம் சொன்னபோதும் போகவில்லை.

அடுத்த ஞாயிறு வந்து நின்றார்.

"கேக்கும்போதுதாம்மா. அவ ஏதோ சொல்ல வர்றப்போ."

"சரி. இன்னிக்கு நானும் வர்றேன்."

அலுவலக அறையின் மூலையில் கோமதியம்மா ஒரு தலையணை உறையைத் தைத்தபடி உட்கார்ந்தார். இருமல் வந்தபோது வாயைப் பொத்திக்கொண்டார். தமயந்தி திரையில் வந்தாள்.

"சாப்ட்டீங்களாப்பா?"

"ஆச்சு பாப்பா. நீ இளைச்ச மாதிரி இருக்கியே?"

"லைட்டு அப்படிப்பா."

குளிர் பற்றிப் பேசினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் மரம் வெட்டியதைப் பற்றிப் பேசினார்கள். எல்லாம் தெளிவாகக் கேட்டது.

பிறகு அவள் கொஞ்சம் நிறுத்தினாள்.

"அப்பா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு பாப்பா. இரு, வெளிச்சம் கண்ணைக் கூசுது."

சிதம்பரநாதன் லேப்டாப்பைத் தட்டு மாதிரி கையில் ஏந்திக்கொண்டு எழுந்தார்.

"ரொம்ப நாளா சொல்லணும்னு..."

"கேக்குது, கேக்குது. சொல்லு."

படம் நின்றது. அவளுடைய வாய் பாதி திறந்தபடி இருந்தது. குரல் கரகரத்தது. அறுந்தது.

"பாத்தீங்களாம்மா? இதைத்தான் சொன்னேன்!"

சொல்லிக்கொண்டே திரும்பினார்.

கோமதியம்மா பக்கத்தில் இல்லை. தூரத்தில், கட்டடங்களின் இடைவெளியில் தெரிந்த அலுவலக வாசலில், ஊசியும் நூலுமாக நின்றிருந்தார். அவருக்கும் இவருக்கும் நடுவில் முற்றம் இருந்தது. சமையல்கட்டு இருந்தது. நெல் மூட்டை அடுக்கும் கருங்கல் கட்டடம் இருந்தது.

சிதம்பரநாதன் கீழே பார்த்தார். செருப்பில்லாத கால்கள் சாணிச் சேற்றில் இருந்தன. மாட்டுக்கொட்டகை. பசு ஒன்று அவரைப் பார்த்துக்கொண்டே அசைபோட்டது.

எப்போது படி இறங்கினார், எப்போது முற்றத்தைத் தாண்டினார் என்று அவருக்குத் தெரியவில்லை.

நெடுநேரம் அங்கேயே நின்றார்.

பிறகு மெதுவாகத் திரும்பி வந்தார். வாசலில் இருந்த வாளித் தண்ணீரில் காலைக் கழுவினார். அவரே ஆரம்பித்தார்.

"அவ அம்மாவும் இப்படித்தாம்மா ஆரம்பிச்சா. ஒண்ணு சொல்லணும்னு. இதே குரல்."

"ம்."

"ஒரு வருஷத்துல போயிட்டா."

கோமதியம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அவ்வளவு தூரம் நடக்கறீங்களே. கால் வலிக்கலையா ஐயா?"

சிதம்பரநாதன் முழங்காலைத் தடவிக்கொண்டார். வலித்தது. இப்போதுதான் தெரிந்தது, முழங்காலிலிருந்து பாதம் வரைக்கும் வலித்தது.

"உக்காருங்க."

உட்கார்ந்தார். லேப்டாப்பை மேஜைமேல் வைத்தார். வைஃபை தானாகவே வந்து ஒட்டிக்கொண்டது. கோமதியம்மா மூலைக்குத் திரும்பவில்லை. வாசற்படியில், நிலைக்குக் குறுக்கே உட்கார்ந்துகொண்டார்.

தமயந்தியை அவரே கூப்பிட்டார்.

"வந்துடுச்சாப்பா? சரி விடுங்க, அடுத்த வாரம்..."

"இல்ல பாப்பா. இப்பச் சொல்லு."

அவள் பார்த்துக்கொண்டேயிருந்தாள்.

"மறுபடியும் போயிடுமேப்பா."

"போகாது. சொல்லு."

அவருடைய கைகள் லேப்டாப்பின் இரண்டு பக்கமும் போய்ப் பிடித்தன. பிடித்ததை அவர் பார்த்தார். எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அம்மாவுக்கு வந்ததுதாம்ப்பா எனக்கும். மார்புல. ஆரம்பத்துலயே கண்டுபிடிச்சுட்டாங்க, பயப்பட வேணாம்னு சொல்றாங்க. அடுத்த மாசம் ஆபரேஷன். யார்கிட்டயும் சொல்லல. உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் மத்தவங்ககிட்ட சொல்லணும்னு இருந்தேன். சொல்ல வர்றப்பல்லாம் இந்த நெட்டு..."

"நெட்டு போகல பாப்பா."

"என்னப்பா?"

வாசற்படியில் ஊசி நின்றுவிட்டிருந்தது.

"நெட்டு நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் எழுந்து எழுந்து போயிட்டேன். மாட்டுக்கொட்டகை வரைக்கும். எனக்கே தெரியாம. தனியா விட்டுட்டேன் பாப்பா உன்னை."

அவர் நாற்காலியை மேஜைக்கு இன்னும் நெருக்கிப் போட்டுக்கொண்டார்.

"ஆபரேஷனுக்கு நான் வர்றேன். எனக்கு ஆஸ்பத்திரி வாசம் ஆகாதுன்னு உனக்குத் தெரியும். இருந்தாலும் வர்றேன். பக்கத்துல உக்காந்திருக்கேன்."

பதில் இல்லை.

மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். திரையில் அவள் முகம் இல்லை. குனிந்த தலையின் வகிடு மட்டும் தெரிந்தது. அசைவில்லை. சத்தமும் இல்லை.

"பாப்பா? பாப்பா?"

மேஜையைத் தட்டிப் பார்த்தார். வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

"இவ்வளவும் சொன்னேனேம்மா. இப்பப் போய் நெட்டு போயிடுச்சே."

கோமதியம்மா எழுந்து வந்தார். அவர் தோளுக்குப் பின்னால் நின்று திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"போகல ஐயா. அழறாங்க."