காத்தாயி தேர்ந்தெடுத்த வாகை

மரங்களுக்கு வாய் இருந்து, மலைகளுக்குக் காது இருந்த வெகு வெகு காலத்துக்கு முன்னால் நடந்தது இது. வேங்கைக்கோடு என்ற நாட்டில் மருதப்பன் என்று ஒரு குயவன் இருந்தான். அவன் மனைவி பெயர் காத்தாயி. ஒருநாள் மண் எடுக்க மலைமேல் போன மருதப்பன், அங்கே வேலிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கிளையிலிருந்து ஒரு பூவைப் பறித்தான். மனைவிக்குக் கொடுக்கத்தான் பறித்தான். அது கருநாக்கன் என்ற மந்திரவாதியின் தோட்டம் என்று அவனுக்குத் தெரியாது.

கருநாக்கன் வந்து அவனை ஏற இறங்கப் பார்த்தான். "என் பூவை எடுத்தாய். உன் தூக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்" என்று சொல்லி, அவன் கண்ணெதிரே ஒரு விரலைச் சொடுக்கினான். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து மருதப்பனுக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை. பத்து நாள் போயிற்று, இருபது நாள் போயிற்று, நாற்பது நாளும் போயிற்று. கண் இரண்டும் மிளகாய்ப் பழமாய்ச் சிவந்தன. கை நடுங்கியதால் சக்கரத்தில் வைத்த மண்ணெல்லாம் கோணிக்கொண்டு போனது. வைத்தியர் வந்து பார்த்துவிட்டு, இன்னும் நாலு நாள் தாங்கினால் அதிகம் என்று வாசலில் நின்று மெதுவாகச் சொன்னார்.

காத்தாயி அழவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மலையேறினாள்.

எடுத்ததைத் திரும்பக் கேட்டு வருகிறவருக்கு ஒரு வழி சொல்லியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் கருநாக்கனின் மந்திரம் பலிக்காது. அதனால் அவன் அவளைத் தோட்டத்துக்குள் அழைத்துப் போனான். அங்கே மூன்று வாகைக் கன்றுகள் நின்றன. முழங்கால் உயரம்தான், ஆனால் மாயக் கன்றுகள்.

"இதில் ஒன்றில் உன் புருஷனின் தூக்கம் இருக்கிறது. சரியானதைக் கொண்டுபோய் உன் வீட்டுக் கொல்லையில் நடு. தவறானதைத் தொட்டால் நீயும் இங்கேயே மரமாகி நிற்பாய். மூன்று நாள் தருகிறேன். உச்சி வெயிலில் கதவு திறக்கும், பொழுது சாயும் முன்னே மூடிவிடும்" என்றான்.

காத்தாயி சுற்றிலும் பார்த்தாள். தோட்டம் நிறைய மரங்கள். ஒரு மரத்தின் கிளையில், பட்டைக்குள் பாதி புதைந்து, கண்ணாடி வளையல் இரண்டு தெரிந்தன. தவறானதைத் தொட்ட ஒருத்தி அது என்று அவளுக்குப் புரிந்தது. ஆனாலும் குரல் கலங்கவில்லை.

"பார்க்காமல் எடுக்கமாட்டேன். எடுக்காமல் போகமாட்டேன்" என்றாள்.

முதல் கன்று பொன்வாகை. உடம்பெல்லாம் மஞ்சள் பூ, ஊரையே தூக்கும் வாசனை. தன்னை நட்டால் கொல்லையே தங்கமாய் மின்னும் என்று அது சொன்னது. இரண்டாவது பெருவாகை. ஒரே வருஷத்தில் கூரைக்கு மேல் குடை பிடிப்பேன் என்று அது சொன்னது. கன்றாக இருக்கும்போதே அதில் நீள நீளமாய்க் காய்ந்த நெற்றுகளும் தொங்கின. மூன்றாவது பட்டுவாகை. பூவும் இல்லை, பேச்சும் இல்லை, கோணல் தண்டில் மெல்லிசாய் நாலு இலை மட்டும். அதைப் பார்த்துக் கருநாக்கன் சிரித்து, அடுப்புக்கு வைத்திருக்கும் குச்சி என்றான்.

தூக்கம் குடியிருக்கும் மரம் தானும் தூங்கத்தானே வேண்டும் என்று காத்தாயி யோசித்தாள். வாகை இலை பொழுது சாய்ந்தால் கூம்பும். ஆனால் பொழுது சாயும்வரை இங்கே இருக்க முடியாது. அதற்காகத்தான் இவன் உச்சியில் திறந்து சீக்கிரம் மூடுகிறான்.

மறுநாள் அவள் மூன்று பெரிய பானைகளை அடுக்கித் தலையில் சுமந்துகொண்டு மலையேறினாள். கழுத்து கடுத்தது, கால் இரண்டு முறை வழுக்கியது. கன்றுகள்மேல் கை படாமல் ஒவ்வொன்றையும் ஒரு பானையால் மூடினாள். பானைக்குள் இருட்டியது. இரண்டு நாழிகை பொறுத்திருந்து ஒவ்வொன்றாய்த் தூக்கினாள். பொன்வாகை இலையை விரித்தபடியே நின்றது. பெருவாகையும் பட்டுவாகையும் இலை கூம்பியிருந்தன.

மீதி இரண்டு. ஆனால் எது?

அதற்குள் கதவு மூடும் நேரமாகிவிட்டது. தோற்றுப்போனதை ஒப்புக்கொண்டு வீட்டுக்குப் போ, உயிராவது மிஞ்சும் என்றான் கருநாக்கன்.

"பார்க்காமல் எடுக்கமாட்டேன். எடுக்காமல் போகமாட்டேன்" என்றாள் காத்தாயி.

மூன்றாம் நாள். மருதப்பன் பாயைவிட்டு எழவே இல்லை. போகாதே, நீயும் போய்விட்டால் எனக்கு யார் என்று முனகினான். அவள் அவன் நெற்றியைத் தடவிக்கொடுத்துவிட்டுக் கிளம்பினாள். தன் கொல்லையை வழியெல்லாம் மனத்தில் அளந்துகொண்டே போனாள். பத்தடி அகலம். கிணற்றங்கரை ஒரு பக்கம், சுவர் ஒரு பக்கம். சுவருக்கு அந்தப் பக்கம்தான் மருதப்பன் படுக்கும் இடம். அங்கே காற்றடித்தால்?

சட்டென்று நின்றாள். கருநாக்கனின் தோட்டத்தில் ஒரு இலைகூட அசைந்து அவள் பார்க்கவில்லை. காற்றையும் அவன் கட்டிவைத்திருந்தான்.

உள்ளே போனதும் முந்தானையை எடுத்துப் பெருவாகையைப் பார்த்து விசிறினாள். காய்ந்த நெற்றுகள் கலகலவென்று ஊரைக் கூட்டின. பட்டுவாகையைப் பார்த்து விசிறினாள். அது சத்தமே இல்லாமல் ஒருமுறை ஆடி நின்றது.

"தூங்கத் தெரிந்தால் மட்டும் போதாது ஐயா. பக்கத்தில் படுத்திருப்பவரையும் தூங்கவிட வேண்டும். என் கொல்லைக்கு இதுதான் மரம்" என்று சொல்லி, இரண்டு கையாலும் பட்டுவாகையைப் பற்றினாள்.

கை மரமாகவில்லை. கால் வேர்விடவில்லை. சுற்றி நின்ற மரங்கள்தாம் பட்டை உதிர்ந்து பெண்களாகிக் கண்ணைக் கசக்கின. கட்டுண்ட காற்று அவிழ்ந்து சுழற்றியடித்தது. கருநாக்கனை அது ஒரு சருகைப்போலத் தூக்கிக்கொண்டு ஏழு மலைக்கு அப்பால் போயிற்று. பிறகு அவனை யாரும் பார்க்கவில்லை.

காத்தாயி கிணற்றங்கரை ஓரம் குழி தோண்டி, கன்றை நட்டு, ஒரு குடம் தண்ணீர் ஊற்றினாள். தண்ணீர் வற்றுவதற்குள் மரம் சுவரளவு வளர்ந்து நின்றது. கிளையெங்கும் இளஞ்சிவப்பில் பட்டுநூல் பிரிந்ததுபோலப் பூ. பொழுது சாய்ந்தது. இலைகள் ஒவ்வொரு ஜோடியாய்க் கூம்பின. ஒரு ஜோடி கூம்ப மருதப்பனின் இமை தாழ்ந்தது. இன்னொரு ஜோடி கூம்ப அவன் மூச்சு சீரானது. கடைசி ஜோடியும் கூம்பியபோது குறட்டை கேட்டது.

அந்தக் குறட்டையைக் கேட்ட பிறகுதான் காத்தாயி அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, தன் பாயையும் விரித்துப் படுத்தாள்.

அந்த வீட்டு வாகையின் விதையை வாங்கிப்போய் வேங்கைக்கோட்டில் எல்லோரும் நட்டார்கள். அவர்கள் நன்றாகத் தூங்கி நன்றாக விழித்தார்கள். கதை கேட்ட உங்கள் கண்ணிலும் அந்த இலை கூம்பட்டும்.