வாயில் மூன்று கல்

நீர்முள்ளிக் காட்டில் தலைவரைத் தேர்ந்தெடுக்க எல்லா விலங்குகளும் ஒரே இடத்தில் கூடுவதில்லை. கூடினால் என்ன ஆகும்? ஒரு புல் மிஞ்சாது. புலிக்கும் நல்ல விருந்து! அதனால் ஒவ்வொரு கூட்டமும் தன் சார்பில் ஒருவரை மட்டும் ஏரிப் பாறைக்கு அனுப்பும். பெரிய கூட்டத்தின் ஆளுக்கு மூன்று கூழாங்கல். சிறிய கூட்டத்தின் ஆளுக்கு ஒன்று. பாறையில் போட்டியாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு குழி உண்டு. யார் குழியில் கல் அதிகமோ, அவரே தலைவர்.

"இவ்வளவு பெரிய உடம்புக்கு ஒத்தைக் கல்லா?" என்று யானைகள் மட்டும் ஒவ்வொரு முறையும் முணுமுணுக்கும். யார் கேட்டார்கள்!

இந்த முறை நரி மதியூகனுக்கும் காட்டுப்பன்றி கோரையனுக்கும் போட்டி. முயல்கள் தங்கள் சார்பில் பஞ்சியை அனுப்பின.

"பஞ்சி, மூணு கல்லையும் பன்றியோட குழியிலயே போடு!" என்றது தாய்முயல் சிட்டாள். "போன கோடையில ஏரி வத்தி, என் குட்டிங்க ரெண்டும் சேத்துல புதைஞ்சு போச்சே! அதுக்கப்புறம் அவர்தானே கரையில ஊத்து தோண்டிக் கொடுத்தார்?" சொல்லும்போதே அதற்கு அழுகை வந்துவிட்டது.

"சரிக்கா" என்றது பஞ்சி. ஆனால் மனசு ஒப்பவில்லை. கிழங்கு தோண்டுகிறேன் பேர்வழி என்று அந்தப் பன்றி இரண்டு தடவை பஞ்சியின் வளையை இடித்திருந்தது. ஒரு மன்னிப்பு உண்டா? போதாததற்கு அந்த நாற்றம் வேறு!

இதெல்லாம் நரிக்குத் தெரியாமல் இருக்குமா? 'காடு முழுக்க அலைந்து ஓட்டுக் கேட்க நான் என்ன பைத்தியமா? பாறைக்குப் போகிறவர்களை மட்டும் பிடித்தால் போதாதா?' என்று அது கணக்குப் போட்டது. நேராகப் பஞ்சியிடம் வந்தது.

"தங்கச்சி! உன் புத்தியைப் பார்த்துத்தானே உன்னை அனுப்புறாங்க? அப்போ உன் இஷ்டப்படிதானே நீ போடணும்? நான் மட்டும் தலைவரானா, நாவல் மர நிழலும் அங்கே இருக்கிற தெளிஞ்ச தண்ணியும் உனக்குத்தான். வேற யாருக்கும் கிடையாது!"

பஞ்சிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "அப்படியே ஆகட்டும் அண்ணே!"

தேர்தல் நாள் வந்தது. பஞ்சி மூன்று கல்லையும் கன்னத்தில் அடக்கிக்கொண்டு கிளம்பியது. ஏரி பாதிக்கு மேல் வற்றியிருந்தது. பாறையை நோக்கி ஒரு தாவு தாவியது. அவ்வளவுதான்! சேறு வயிறு வரை இழுத்துக்கொண்டது.

உதைத்துப் பார்த்தது. இன்னும் இறங்கியது. கத்தலாம் என்றால் வாய் நிறையக் கல்! வாயைத் திறந்தால் முயல் கூட்டத்தின் ஓட்டெல்லாம் சேற்றோடு போய்விடும். 'ஐயோ, சிட்டாள் அக்காவின் குட்டிகளும் இப்படித்தானே தவித்திருக்கும்!' என்று நெஞ்சு பதறியது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

நல்லவேளை, பின்னால் வந்த மந்தி பூவாயி இரண்டு காதையும் பிடித்து வெளியே இழுத்துப் போட்டது.

"ஏன்டி, ஒரு சத்தம் போட்டா என்ன?"

பஞ்சி பாறைமேல் ஏறிக் கற்களைத் துப்பியது. "என் கல்லா இருந்தா கத்தியிருப்பேன் அக்கா. இது எங்க கூட்டத்தோடது!" சொன்ன பிறகுதான் தான் சொன்னது அதற்கே உறைத்தது. "சரி, போனால் போகட்டும் அந்த நாவல் மர நிழல்!" என்று பெருமூச்சு விட்டது.

"என்னது? நாவல் மர நிழலா?" என்று பாறையில் கல்லோடு நின்ற மயில் துள்ளியது. "அது எனக்குன்னு நரி சொல்லிச்சே!"

"எனக்கும்தான் சொன்னான்!" என்றது மான்.

"அடப்பாவி! எனக்கும்!" என்றது மந்தி. யானையோ வெட்கத்தில் காதை மட்டும் ஆட்டியது.

எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சிரிப்புப் பொங்கி வந்தது. பஞ்சி முதல் ஆளாகப் போய்த் தன் மூன்று கல்லையும் பன்றியின் குழியில் போட்டது. மற்றவர்களும் தங்கள் கூட்டம் சொன்னபடி அங்கேயே போட்டார்கள். நரியின் குழியில் நரிக் கூட்டத்தின் ஒற்றைக் கல் மட்டும் கிடந்தது.

"எல்லாரும் எனக்கு வாக்குக் கொடுத்தீங்களே!" என்று நரி கரையில் குதித்தது.

"அதுக்கு முன்னாடியே எங்க கூட்டத்துக்குக் கொடுத்துட்டோமே!" என்றது பஞ்சி.

புதுத் தலைவர் கோரையன் விழாவெல்லாம் கொண்டாடவில்லை. "நகருங்க, நகருங்க! ஊத்து தோண்டணும்!" என்று ஓடியது. ஓடிய வேகத்தில் பஞ்சியின் வளையை மூன்றாம் தடவையும் இடித்தது.

பஞ்சிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சண்டை போடக் கரைக்கு ஓடியது. அங்கே பன்றி அதற்குள் ஊற்று தோண்டியிருந்தது. சிட்டாளின் புதுக் குட்டிகள் காலில் சேறு படாமல் ஊற்றுநீர் குடித்துக்கொண்டிருந்தன. பஞ்சி மூக்கைப் பொத்திக்கொண்டு, பன்றிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, வயிறு நிறையத் தண்ணீர் குடித்தது.

பலர் சார்பில் போகிறவர் தம் ஆசையைச் சுமந்து போகக் கூடாது. அனுப்பியவர்களின் சொல்லையே சுமந்து போக வேண்டும்.