கூழாங்கல் சந்தை

அல்லிக்குளத்தங்கரையில் விலங்குகளுக்கென்று ஒரு வணிகக் கல்லூரி இருந்தது. அங்கே படித்த துழாவி என்ற நீர்நாய்க்கு ஒரே ஆசை. பௌர்ணமிச் சந்தையில் மீன் கடை போட வேண்டும்!

சந்தைக்கு முன்னால் கல்லூரியில் ஒரு விளையாட்டு நடந்தது. மணலில் கிழித்த கட்டம்தான் கடை. கூழாங்கல்தான் சரக்கு. மைனா ஒரு கூடையிலிருந்து இலையை எடுத்து, அதில் எழுதியிருக்கும் நிகழ்ச்சியை அறிவிக்கும். அதைச் சமாளித்து வியாபாரம் செய்ய வேண்டும்.

"வெயில் கொளுத்துகிறது!" என்று கத்தியது மைனா. துழாவி குவித்திருந்த மீன் எல்லாம் அழுகிப்போனதாகக் கணக்கு. கடை காலி!

"மறுபடி ஆடலாம்!" என்று குதித்தது துழாவி. இந்தத் தடவை எல்லாவற்றையும் கருவாடாக்கியது.

"பசியோடு கொக்குக் கூட்டம் வருகிறது!" என்றது மைனா. கொக்கு கருவாட்டைத் தொடுமா? மறுபடியும் போச்சு!

தானியக் கடை வைத்திருந்த தோகையன் என்ற மயில் விழுந்து விழுந்து சிரித்தது. அதற்கு முதல் ஆட்டத்திலேயே வெற்றி. "நான்தான் ஜெயித்துவிட்டேனே! இனி இந்தக் கல்லோடு எனக்கென்ன வேலை?" என்று நடையைக் கட்டியது.

துழாவி விடவில்லை. மீன் கடை, பழக் கடை, தானியக் கடை என்று மாற்றி மாற்றி ஆடியது. தோற்கும்போதெல்லாம் மீசை துடிக்கும். "அடடா, இப்படிச் செய்திருக்கலாமே!" என்று தலையில் அடித்துக்கொள்ளும். உடனே, "இன்னொரு இலை எடு, மைனா!" என்னும்.

பௌர்ணமியும் வந்தது. சந்தையில் ஒரே ஆரவாரம்! துழாவியின் குடும்பம் பிடித்த மீனையெல்லாம் அதனிடம் ஒப்படைத்திருந்தது. மயில் கூட்டமோ, மழைக்காலத்துக்கென்று சேர்த்த தானியம் முழுவதையும் தோகையனை நம்பிக் கொடுத்திருந்தது.

உச்சிப்பொழுதில் வானம் இருண்டது. மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது!

துழாவி பாதி மீனை முன்பே உலர்த்தித் தேக்கிலையால் மூடியிருந்தது. மீதியைக் கூடைக்குள் விட்டு, குளத்து நீரில் உயிரோடு வைத்திருந்தது. ஒதுங்க வந்த கொக்குகள் உயிர்மீனுக்கு முட்டி மோதின. காட்டுப்பூனைகள் கருவாட்டை அள்ளிக்கொண்டு போயின!

பக்கத்துக் கடையில் அழுகுரல். மழையைக் கண்டால் ஆடும் மயில் அன்று அழுதது. "தானியமெல்லாம் ஊறிவிட்டதே! என் கூட்டம் பட்டினி கிடக்கப் போகிறதே!"

"அழாதே! வாத்துகளைக் கூப்பிடு!" என்றது துழாவி.

"நனைந்த தானியத்தை யார் வாங்குவார்கள்?"

"வாத்துகளுக்கு ஊறிய தானியம் என்றால் உயிர்! பதிலுக்கு அவை சேர்த்து வைத்திருக்கும் காய்ந்த விதைகளைக் கேள்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"விளையாட்டில் என் தானியமும் நனைந்தது. தோற்ற கையோடு போய் வாத்துகளிடமே விசாரித்தேன்!"

வாத்துகள் சிறகடித்து ஓடிவந்தன. பொழுது சாய்வதற்குள் தோகையனின் கடை முன்னால் காய்ந்த விதைகள் குவிந்துவிட்டன. மயிலுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"துழாவி, நாளைக்கு என்னையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வாயா?"

"தாராளமாக வா! ஆனால் நிறையத் தோற்க வேண்டியிருக்கும், சம்மதமா?"

"சம்மதம்!" என்று அகவியது மயில்.

நீதி: விளையாட்டில் தோற்றுக் கற்றவர், வியாபாரத்தில் தடுமாறமாட்டார்.