ஞானசுந்தரி கடையில் நடந்த கொலை

ஊமத்தங்குறிச்சியில் அறிவுக்குப் பஞ்சம் என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். அது அபாண்டம். பஞ்சம் என்றால் முன்பு ஒரு காலத்தில் அறிவு அங்கே இருந்திருக்க வேண்டுமே.

அந்த ஊர் பஸ் நிலையத்துக்கு எதிரே ஞானசுந்தரி ஒரு கேம் சென்டர் வைத்திருந்தாள். நாலு கம்ப்யூட்டர், நாலு நாற்காலி, கிறீச்சிடும் ஒரு ஃபேன். தையல் மெஷினை விற்றுப் போட்ட கடை. காலேஜ் விட்டதும் பையன்கள் வருவார்கள். திரைக்குள் இருக்கும் ஏதோ ஒரு வெளிநாட்டு நகரத்தில் கார் ஓட்டுவார்கள், கண்டவனைச் சுடுவார்கள், பசித்ததும் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

ஒருநாள் பஸ்ஸுக்குக் காத்திருந்த தாண்டவராயன் உள்ளே எட்டிப் பார்த்தார். அவர் ஊர்ப் பண்பாட்டுப் பாதுகாப்புக் குழுவின் தலைவர். செயலாளர் குழந்தைவேலு, பொருளாளர் சிட்டிபாபு. அவ்வளவுதான் குழு. வேறு யாரையும் சேர்க்கவில்லை; சேர யாரும் கேட்கவுமில்லை.

அந்த நேரம் பார்த்துத் திரையில் ஒரு ஆள் குண்டடிபட்டு விழுந்தான். தாண்டவராயன், வந்து நின்ற பஸ்ஸை விட்டுவிட்டு, மற்ற இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்கு ஓடினார்.

"கொலை சார்! என் கண்ணால பாத்தேன்!"

இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டு எழுந்தார். "எங்க?"

"கம்ப்யூட்டருக்குள்ள."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். "பெரியவரே, பொம்மையைச் சுட்டா சட்டத்துல கொலை இல்லை. பாக்க உங்களுக்குப் பிடிக்கலேங்கிறதும் குற்றம் இல்லை. காசு வெச்சு சூதாடினா சொல்லுங்க, வர்றேன். ஆபாசம் காட்டினா சொல்லுங்க, வர்றேன். அப்படி ஏதாவது இருந்தா பாத்துட்டு வந்து எழுதிக் குடுங்க. கடையை மூடிடலாம்."

ஆளை அனுப்பினால் போதும் என்றுதான் அவர் அப்படிச் சொன்னார். ஆனால் அவர் யாரிடம் சொன்னார் என்று பாருங்கள்.

மறுநாள் கடை திறந்ததுமே மூவரும் வந்து ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்கள். மிச்சம் ஒரே நாற்காலி; வந்த பையன்களில் பாதிப் பேர் இடமில்லாமல் திரும்பிப் போனார்கள். ஞானசுந்தரி காலிக் கல்லாவைத் திறந்து பார்த்து மூடினாள். இந்தக் கடையும் போனால் மறுபடி யார் வீட்டு ஜாக்கெட்டைத் தைப்பது? தையல் மெஷினும் இல்லையே.

முதலில் ஆபாசத்தைத் தேடினார்கள். விளையாட்டுக்குள் கடற்கரையில் ஒருவன் சட்டையில்லாமல் நின்றான்.

"ஆபாசம்!" என்று கத்தினார் குழந்தைவேலு, தோளில் கிடந்த துண்டால் தன் வெற்று மார்பைத் துடைத்தபடி.

"அவசரப்படாதய்யா" என்றார் தாண்டவராயன். "ஆபாசம்னா பாத்ததும் கூச்சம் வரணும். உனக்கு வருதா?"

"வரலை தலைவரே."

"எனக்கும் வரலை. இன்னும் கொஞ்ச நேரம் பாப்போம், வருதான்னு."

சாயங்காலம் வரை வைத்த கண் வாங்காமல் பார்த்தார்கள். கூச்சம் வந்தது ஞானசுந்தரிக்குத்தான்.

அடுத்தது சூது. நாலாவது நாற்காலிக்கு வந்த ஒரு பையன் ஞானசுந்தரியிடம் பணம் கொடுத்தான். சிட்டிபாபு துள்ளி எழுந்தார். "காசு வெச்சு ஆடுறான்!"

"அண்ணாச்சி, அது மெஷினுக்கு வாடகை" என்றாள் ஞானசுந்தரி. "லாட்ஜுல ஒருத்தன் காசு குடுத்துத் தூங்குறான். அவன் தூக்கத்தை வெச்சு சூதாடுறான்னா அர்த்தம்?"

சிட்டிபாபு முகத்தைச் சுளித்து யோசித்தார். "தலைவரே, அந்த லாட்ஜையும் ஒருக்கா பாத்துரணும்."

விளையாட்டுக்கு வெளியே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது, உள்ளே போனால்தான் வண்டவாளம் தெரியும் என்று முடிவாயிற்று. தாண்டவராயன் மௌஸைப் பிடித்தார். அவருக்கு ஒரு கார் கிடைத்தது. சிவப்பு விளக்கைக் கண்டதும் நிறுத்தினார். அந்த நகரத்தில் அதுவரை யாரும் செய்யாத காரியம் அது. பின்னால் வந்த வண்டியெல்லாம் ஒன்றோடொன்று மோதிப் புகைந்தது. எதிரே ஒருவன் துப்பாக்கியோடு நின்றான்.

"பண்பாடு இல்லாத பயலே!" என்று திட்டிக்கொண்டே அவனிடம் போனார் தாண்டவராயன். டுமீல்.

திரை சிவந்தது. ஏதோ ஆங்கிலத்தில் எழுத்து வந்தது. குழந்தைவேலு எழுத்துக்கூட்டிப் படித்தார். "தலைவரே... நீங்க செத்துட்டீங்கன்னு போட்டிருக்கு."

தாண்டவராயன் மௌஸை மெதுவாக விட்டார். முகம் வெளிறிப்போயிற்று.

"அந்த பட்டனை அழுத்துங்க, எந்திரிச்சிருவீங்க" என்றாள் ஞானசுந்தரி.

"செத்தவன் எப்படிம்மா எந்திரிப்பான்? அதுக்குச் சட்டத்துல எடமிருக்கா?"

மறுபடியும் காவல் நிலையம். மறுபடியும் கொலை. ஞானசுந்தரியும் பதறிப்போய்ப் பின்னாலேயே போனாள்.

"செத்தது யாரு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நான்தான்" என்றார் தாண்டவராயன்.

"புகார் குடுக்கிறது?"

"அதுவும் நான்தான்."

இன்ஸ்பெக்டர் ஞானசுந்தரியைப் பார்த்தார். ஞானசுந்தரி கூரையைப் பார்த்தாள். "செத்தவர் புகார் குடுக்க முடியாது. எடத்தைக் காலி பண்ணுங்க" என்றார் அவர்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் விவாதித்தார்கள். இன்ஸ்பெக்டர் சொன்னது மூவருக்குமே நியாயமாகப் பட்டது.

"அப்ப நான் எழுதிக் குடுக்கவா?" என்றார் குழந்தைவேலு.

"தலைவர் கையெழுத்து இல்லாம குழு புகார் குடுக்கக் கூடாதே" என்றார் சிட்டிபாபு.

"தலைவர்தான் செத்துட்டாரே."

"அதத்தான் நானும் சொல்றேன்" என்றார் தாண்டவராயன் வருத்தத்தோடு.

புகார் அதோடு ஒழிந்தது. அன்று மாலையே பையன்கள் வந்து நாற்காலிகளை நிரப்பினார்கள். ஞானசுந்தரி நிம்மதியாக ஒரு டீ வாங்கிக் குடித்தாள்.

ஆனால் இறந்தவருக்கு மரியாதை செய்ய வேண்டுமே. ஊரெல்லாம் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டினார்கள். பசை வாளியைத் தாண்டவராயனே தூக்கி வந்தார். இரங்கல் கூட்டம், உயிர் பிரிந்த இடம் என்பதால், ஞானசுந்தரி கடையிலேயே நடந்தது. ஒரு நிமிடம் மௌனம் என்றதும் தாண்டவராயனும் எழுந்து தலை குனிந்து நின்றார்.

பிறகு புதிய தலைவருக்குத் தேர்தல். குழந்தைவேலு தனக்குப் போட்டுக்கொண்டார். சிட்டிபாபு தனக்குப் போட்டுக்கொண்டார். சமநிலை.

"தலைவரும் போடட்டுமே" என்றார் குழந்தைவேலு.

"செத்தவர் ஓட்டுப் போடலாமா?" என்று சந்தேகப்பட்டாள் ஞானசுந்தரி.

சிட்டிபாபு அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "நம்ம ஊர்ல வழக்கமா போடுறதுதானேம்மா."

தாண்டவராயன் எழுந்து தனக்கே போட்டுக்கொண்டார். அதைப் பார்த்ததும் மற்ற இருவருக்கும் நெஞ்சு இளகிவிட்டது. தங்கள் ஓட்டுகளையும் அவருக்கே மாற்றினார்கள். அப்படியொரு அனுதாப அலை.

வெற்றி பெற்ற புதிய தலைவர் முதல் வேலையாக மறைந்த தலைவரின் படத்துக்கு மாலை போட்டார். "அன்னார் இருந்த இடத்தை என்னால ஒருநாளும் நிரப்ப முடியாது" என்று தேம்பித் தேம்பி அழுதார்.