அணையும் வரை பேசுங்கள்

“என் டேப்லெட்டின் பேட்டரி இன்னும் எத்தனை நாள் தாங்கும்?”

உலகநாதன் கேள்வியைத் துண்டுச் சீட்டில் எழுதி குருவிடம் நீட்டினார்.

குரு பரக்கத் நிஷாவுக்கு முப்பது வயது. கடையநல்லூரில் போன், டேப்லெட் பழுது பார்ப்பவள். நான்கு மாதமாக அவளிடம் தொழில் பழகும் சீடருக்கு ஐம்பத்தாறு. முன்பு பஸ் கண்டக்டர். தொண்டையில் கட்டி வந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். டேப்லெட்டில் தட்டினால் அது அவருக்காகப் பேசும்.

“அதுதான் பேசும்லா? சீட்டு எதுக்கு அண்ணாச்சி?”

இன்னொரு சீட்டு வந்தது. ‘பேட்டரி தேயும்.’

நல்ல சிக்கனம்! பஸ் அதிரக் கத்திய மனுஷன், இரண்டு வருஷமாக ஆபத்து அவசரத்துக்கு மட்டும்தான் அதைத் தொடுகிறார். இந்தக் குரலும் போய்விடுமோ என்று பயம்.

“சார்ஜ் எவ்வளவு இருக்கு?”

நூறு என்று காட்டினார். எப்போதும் நூறுதான்.

பரக்கத் மணி பார்த்தாள். பதினொன்று.

“அணையிற வரைக்கும் பேசுங்க. காலியாக்காம பேட்டரி ஹெல்த் சரியா அளக்க முடியாது.”

அவர் கையைப் பிசைந்தார். பிறகு தட்டினார்.

“இடைகால்! இடைகால் ஸ்டாப்! இறங்குறவங்க முன்னால வாங்க!”

பரக்கத் சிரித்துவிட்டாள்.

ஒரு மணிக்கு அவர் மனைவி சண்முகவடிவு சாப்பாடு கொண்டுவந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. சீட்டு எழுதிப் பயனில்லை. வீட்டில் வெறும் கைஜாடைதான்.

“ரசத்துல உப்பு கம்மி,” என்றது டேப்லெட்.

அவள் திடுக்கிட்டாள். “இன்னைக்கா?”

“ரெண்டு வருஷமா.”

“அப்பவே சொல்லக் கூடாதா?”

“சார்ஜ் போயிரும்லா.”

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. “இத்தனை நாளா செவத்துக்கிட்டல்லா பேசிக்கிட்டுக் கிடந்தேன்!”

அதன்பின் அவள் வீட்டுக்குக் கிளம்பவில்லை. மருமகளைப் பிடித்திருக்கிறதா, முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவர் தட்டிக்கொண்டே இருந்தார்.

நாலரை மணி. இரண்டு சதவீதம்.

“ஒண்ணு கேக்கணும்,” என்றாள் சண்முகவடிவு. “நீங்க மயக்கத்துல கிடந்தப்ப, குரல்வளையை எடுக்கச் சம்மதம்னு கைநாட்டு வச்சது நான்தான். அதுக்கு எம்மேல கோவம் இருக்கா?”

தலையாட்டி முடிக்கிற விஷயமில்லை அது. அவர் அவளையே பார்த்தார். பிறகு வெகுநேரம் தட்டினார்.

“வடிவு, நீ கைநாட்டு வச்ச அன்னைக்கு...”

திரை அணைந்தது.

“அஞ்சரை மணி நேரம்.” பரக்கத் குறித்துக்கொண்டாள். ஏறுகிற சார்ஜை அளக்கும் மீட்டரை மாட்டி டேப்லெட்டைச் சார்ஜில் போட்டாள். “இனி நூறு ஏறுற வரைக்கும் தொடக் கூடாது. தொட்டா கணக்கு தப்பாயிரும்.”

உலகநாதன் பவர் பட்டனை அழுத்தினார்.

“அண்ணாச்சி! பேட்டரி ஹெல்த் தெரிய வேண்டாமா?”

அவர் நிமிரவில்லை. விரலையும் எடுக்கவில்லை.

சற்று நேரத்தில் திரை எரிந்தது. ஒரு சதவீதம்.

தட்டத் தொடங்கினார்.