மூங்கில் தழைக்குப் பின்னால்

ஒரு காட்டில், வறண்டு கிடந்த ஆற்றின் கரையில், மயிலும் மந்தியும் மான்களும் குடியிருந்தன. கரையோரப் பள்ளத்தில் முள்ளம்பன்றி ஒன்று வளை தோண்டித் தனியாக வசித்தது.

கோடைதோறும் அந்தப் பக்கம் யானைகள் வரும். பிடித்த இடத்தில் தங்கி, ஆற்று மணலைத் தோண்டி ஊற்று எடுக்கும். மற்ற விலங்குகளுக்கும் அதுதான் குடிநீர். யானைகள் வேறு கரைக்குப் போய்விட்டால் இவர்கள் கதி என்ன?

"நம் ஊர் பளிச்சென்று இருக்க வேண்டும்!" என்றது மயில்.

உடனே வேலை தொடங்கியது. மந்தி தின்று எறிந்த கொட்டைகள், மான்களின் புழுக்கை, மயிலின் உதிர்ந்த இறகுகள் எல்லாம் பள்ளத்துக்குள் வந்து விழுந்தன.

"இது என் வாசல்," என்றது முள்ளம்பன்றி. "இதில் என் குப்பை ஒன்றுகூட இல்லையே?"

"யார் குப்பை என்பதா இப்போது பேச்சு? ஊர் மானம் முக்கியம்!" என்றது மயில்.

"உன் முதுகைப் பார்த்தாலே விருந்தாளி ஓடிவிடுவார்," என்றது மந்தி. "பேசாமல் உள்ளே இரு, ராசா."

"யானையம்மாவுக்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுகிறேனே?"

"வேண்டவே வேண்டாம்!"

மந்தி பச்சை மூங்கில் தழைகளை ஒடித்துவந்து பள்ளத்தின் முன்னால் நெருக்கமாக நட்டது. முள்ளம்பன்றி குப்பைக்கு நடுவே உட்கார்ந்து, வெளியே கேட்ட சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தது. அதை யாரும் கூப்பிடவில்லை.

யானைகள் வந்தன. "அடேயப்பா, எவ்வளவு அழகான இடம்! இங்கேயே தங்கலாம்," என்றது தலைவி யானை. மயில் தோகையை விரித்தது.

ஆனால், நெடுந்தூரம் நடந்து வந்த யானையின் கண்ணுக்கு மூங்கில் தழை வேலியாகவா தெரியும்? சாப்பாடாகத்தானே தெரியும்! நாலே வாயில் வேலி காலி. குப்பை தெரிந்தது. நடுவில் முள்ளம்பன்றியும் தெரிந்தது.

"நீ எந்த ஊரப்பா?" என்று கேட்டது யானை.

"நேற்றுவரை இந்த ஊர்தான், அம்மா."

"அது வேறு இடம், அம்மா!" என்று மயில் ஓடிவந்தது. "எங்கள் ஊர் இந்த மேட்டோடு முடிந்துவிடுகிறது."

யானை மயிலைப் பார்த்தது. "எங்கள் கூட்டத்தில் ஒருத்திக்குக் கால் ஊனம். நாளைக்கு அவளையும் தழைக்குப் பின்னால் போய் நிற்கச் சொல்வீர்களோ?"

யானைகள் ஆற்றைக் கடந்து எதிர்க்கரைக் காட்டுக்குள் போய்விட்டன. மணலில் ஒரு குழிகூடத் தோண்டவில்லை.

மயிலும் மந்தியும் மான்களும் யானைகள் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றன. முள்ளம்பன்றியை மறைக்க இப்போது ஒரு தழையும் இல்லை. ஆனாலும் அதன் பக்கம் யாரும் திரும்பவில்லை.

நீதி: அக்கம்பக்கத்தாரை மறைத்து வைத்துவிட்டு ஊரை அழகாக்க முடியாது.